புகாரிலிருந்து தீர்ப்புக்கு: சட்டத் தரவுத்தளங்களில் தேடப் பழகும் மாணவர்களுக்கு

சட்டக் கல்லூரியில் நான் வாதாடிய முதல் மாதிரி நீதிமன்றப் போட்டியில் கொடுத்த பிரச்சினை இது: ஒருவர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கிறார், அவர்கள் எஃப்.ஐ.ஆர். போட மறுக்கிறார்கள். நூலகக் கணினியில் உட்கார்ந்து ஒரே மாலையில், எஃப்.ஐ.ஆர். பதிவது எப்போது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன லலிதா குமாரி வழக்கின் தீர்ப்பைக் கண்டுபிடித்துவிட்டேன். எஃப்.ஐ.ஆர். பதியும் முன் போலீஸ் நடத்தும் பூர்வாங்க விசாரணையை ஏழு நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அதை அப்படியே வாதுரையில் எழுதினேன். எதிர்த்தரப்பில் நின்ற மாணவி எழுந்து, அந்த ஏழு நாள் கெடுவை உச்ச நீதிமன்றமே 2014 மார்ச்சில் மாற்றிவிட்டது என்று சொல்லி உத்தரவின் நகலை நீட்டினார். என்னிடம் பதில் இல்லை.

நான் எடுத்த தீர்ப்பு சரியான தீர்ப்புதான். அதற்குப் பிறகு அதற்கு என்ன ஆனது என்று பார்க்கத் தவறிவிட்டேன். புதிதாகத் தேட வருகிற பெரும்பாலோர் தடுக்கி விழுவதும் இந்த இடத்தில்தான். தீர்ப்பைக் கண்டுபிடிப்பதை இன்று எந்தத் தேடுபொறியும் செய்துவிடும். அது இன்னும் உயிரோடு இருக்கிறதா, நம் கேள்விக்கு உண்மையிலேயே பொருந்துகிறதா என்று பார்ப்பது நம் வேலை. அதனால் அதே எஃப்.ஐ.ஆர். கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் படியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். நீங்களும் பக்கத்தில் ஒரு கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கூடவே செய்து பார்த்தால் நல்லது.

எங்கே தேடுவது

காசு கொடுக்காமல் தொடங்க நல்ல இடம் இந்தியன் கானூன். சுஷாந்த் சின்ஹா என்ற கணினிப் பொறியாளர் 2008இல் தொடங்கியது. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள், பல தீர்ப்பாயங்கள் ஆகியவற்றின் தீர்ப்புகளும் சட்டங்களின் பிரிவுகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு அங்கே கிடக்கின்றன. தீர்ப்பில் ஒரு பிரிவு குறிப்பிடப்பட்டிருந்தால் அதை அழுத்தி நேராக அந்தப் பிரிவுக்கே போகலாம்.

இரண்டாவது, உச்ச நீதிமன்றமே நடத்தும் இ-எஸ்.சி.ஆர். 2023 ஜனவரியில் தொடங்கியது. சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸ் என்ற அதிகாரபூர்வத் தொகுப்பின் டிஜிட்டல் வடிவம் இது. தேடும் வசதி இந்தியன் கானூன் அளவுக்குக் கைக்கு வராது என்பது என் அனுபவம். ஆனால் ஒரு தீர்ப்பின் சரியான வாசகம் இதுதானா என்று உறுதி செய்துகொள்ள இதைவிட நம்பகமான இடம் இல்லை. சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் தயங்காமல் அதை முதலில் படியுங்கள். வழக்கின் கதையும் வாதமும் மனதில் ஏறிய பிறகு ஆங்கில மூலத்தைப் படித்தால் பாதிச் சுமை குறையும். மேற்கோள் மட்டும் ஆங்கில மூலத்திலிருந்தே காட்ட வேண்டும். அரசியலமைப்பின் 348ஆம் பிரிவுப்படி உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். மொழிபெயர்ப்பு புரிந்துகொள்வதற்கான துணை மட்டுமே.

சட்டத்தின் வாசகத்துக்கு இந்தியா கோட் என்ற அரசுத் தளம். வழக்கின் தற்போதைய நிலைக்கு இ-கோர்ட்ஸ். இவை நான்கும் இலவசம்.

அப்புறம் சந்தா கட்டும் தளங்கள். எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா இரண்டும்தான் மாணவர்கள் வாயில் அதிகம் அடிபடும் பெயர்கள். உங்கள் கல்லூரிக்குச் சந்தா இருக்கிறதா என்று நூலகரிடம் நேரில் கேளுங்கள். இருந்தும் யாரும் சொல்லாததால் மாணவர்களுக்குத் தெரியாமலே போவதுண்டு. சில இடங்களில் வளாக இணையத்தில் மட்டும் திறக்கும், சில இடங்களில் வீட்டிலிருந்து நுழையத் தனிப் பயனர் பெயர் தருவார்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் மூன்று வருடத்தைக் கழித்தவர்கள் எனக்குத் தெரியும்.

இலவசத் தளத்துக்கும் சந்தா தளத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பலரும் கேட்கிறார்கள். அதற்கு உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் பதில் சொல்லியிருக்கிறது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் வழக்கு, தீர்ப்பு 2007 டிசம்பரில் வந்தது. நீதிபதி எழுதிய தீர்ப்பின் மூல வாசகம் பொதுச்சொத்து, அதற்கு எந்தப் பதிப்பாளரும் காப்புரிமை கோர முடியாது. பதிப்பாசிரியர் தன் அறிவைச் செலுத்திச் சேர்த்த தலைக்குறிப்பு (தீர்ப்பின் தலையில் வரும் சுருக்கம்) போன்றவற்றுக்கு மட்டுமே உரிமை. ஆக, நீங்கள் சந்தா கட்டுவது அந்தக் கூடுதல் உழைப்புக்குத்தான். தீர்ப்பு எல்லோருக்கும் சொந்தம். காசில்லாத மாணவர் தேட முடியாது என்ற நிலை இன்று இல்லை. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கணினியைத் தொடும் முன் ஒரு தாள்

சரி, தளம் திறந்தாயிற்று. உடனே பெட்டியில் எதையாவது தட்டாதீர்கள். ஒரு தாளை எடுத்து, உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்.

‘போலீஸ் புகாரை வாங்க மாட்டேன் என்கிறார்கள், என்ன செய்வது?’ என்பது புகார்தாரரின் கேள்வி. நீதிமன்றம் இதை வேறு சொற்களில் கேட்கும்: பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் கிடைத்தால், காவல் அதிகாரி முதல் தகவல் அறிக்கையைக் கட்டாயம் பதிய வேண்டுமா, அல்லது முதலில் பூர்வாங்க விசாரணை நடத்த அவருக்கு உரிமை உண்டா?

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவதில் இருக்கும் சொற்கள்தான் தீர்ப்புகளில் இருக்கும். ‘காக்னிசபிள் அஃபென்ஸ்’, ‘ப்ரிலிமினரி என்கொயரி’, ‘மேண்டேட்டரி ரெஜிஸ்ட்ரேஷன்’. தேடுபெட்டியில் இவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். நம் பேச்சுச் சொல்லிலிருந்து நீதிமன்றச் சொல்லுக்கு வருவதுதான் தேடலின் உண்மையான முதல் படி. அந்தச் சொற்கள் தெரியவில்லையென்றால் பாடப்புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை ஒரு தடவை புரட்டுங்கள். பத்து நிமிடம் போகும், இரண்டு மணி நேரம் மிஞ்சும்.

ஒரு சொல்லுக்கு மாற்றுச் சொற்களையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நீதிபதி ‘என்கொயரி’ என்று எழுதுவார், இன்னொருவர் அதே சொல்லை ‘இன்கொயரி’ என்று எழுதுவார். எழுத்து ஒன்று மாறினால் தேடல் முடிவும் மாறலாம்.

பிரிவு எண்ணில் ஒரு பெரிய பள்ளம்

தீர்ப்புக்கு முன் சட்டப்பிரிவைப் படிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்தப் படியில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. அன்றுதான் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய், அதே வரிசையில் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்தன. பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ்., பி.எஸ்.ஏ. என்று நாம் சுருக்கிச் சொல்லும் புதிய சட்டங்கள் இவைதான்.

நம் கேள்விக்கான பழைய பிரிவு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154. புதிய சட்டத்தில் அது 173. போலீஸ் பதிய மறுத்தால் நீதித்துறை நடுவரிடம் போகும் பழைய 156(3) இப்போது 175(3). நீங்கள் 173 என்று மட்டும் போட்டுத் தேடினால் பல பத்தாண்டுத் தீர்ப்புகள் கண்ணில் படாது. 154 என்று மட்டும் தேடினால் புதிய தீர்ப்புகள் நழுவும். இரண்டு எண்ணிலும், தனித்தனியாகத் தேட வேண்டும்.

இதைவிட மோசமான குழி 482. பழைய சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கோரும் மனுக்கள் எல்லாம் அதன் கீழ்தான் வந்தன. புதிய சட்டத்தில் அது 528ஆகிவிட்டது. புதிய 482 எதுவென்றால் முன்ஜாமீன், அதாவது பழைய 438. வெறும் எண்ணை நம்பித் தேடினால் எஃப்.ஐ.ஆர். ரத்தும் முன்ஜாமீனும் ஒன்றோடொன்று கலந்து வந்து நிற்கும். எண்ணோடு சட்டத்தின் பெயரையும் சேர்த்துத் தட்டுங்கள், தீர்ப்பின் தேதியையும் பாருங்கள். புதிய சட்டம் தொடங்கும்போது நிலுவையில் இருந்த விசாரணைகளும் வழக்குகளும் பழைய சட்டப்படியே தொடர்கின்றன என்பதால், 2025இல் வந்த தீர்ப்பிலும் பழைய எண் இருக்கும். அது தவறல்ல.

பிரிவை இந்தியா கோடில் முழுதாகப் படியுங்கள், உட்பிரிவுகள் உட்பட. நம் கேள்விக்கு 173(3)தான் திருப்பம். மூன்று ஆண்டு அல்லது அதற்கு மேல், ஆனால் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றமென்றால், டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதியோடு, 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று அது சொல்கிறது. பழைய 154இல் இப்படி ஒரு உட்பிரிவே கிடையாது. இதைப் படிக்காமல் பழைய தீர்ப்பை மட்டும் எடுத்துப் போனால், அன்று எனக்கு நடந்ததே உங்களுக்கும் நடக்கும்.

தேடலைக் குறுக்குவது

இப்போது இந்தியன் கானூனில் தட்டலாம். சொற்களை அப்படியே போட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டும். அதைக் குறுக்க மூன்று வழி போதும்.

ஒன்று, மேற்கோள் குறி. ‘ப்ரிலிமினரி என்கொயரி’ என்ற இரு சொல்லையும் இரட்டை மேற்கோளுக்குள் போட்டால், அவை அதே வரிசையில் சேர்ந்து வரும் தீர்ப்புகள் மட்டும் வரும்.

இரண்டு, இணைப்புச் சொற்கள். இந்தத் தளத்தில் இவற்றுக்குத் தனி எழுத்துக்கூட்டல் உண்டு. ஆங்கிலத்தின் ஆண்ட், ஆர், நாட் என்ற மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி, கடைசி எழுத்தை இன்னொரு முறை சேர்க்க வேண்டும். ஆண்ட் என்பதற்கு இரண்டு ‘டி’, ஆர் என்பதற்கு இரண்டு ‘ஆர்’, நாட் என்பதற்கு இரண்டு ‘டி’. இருபுறமும் இடம் விட வேண்டும். சிறிய எழுத்தில் போட்டால் சாதாரணச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். சந்தா தளங்களில் இந்த விதி வேறு மாதிரி இருக்கும். ஒவ்வொன்றிலும் உதவிப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

மூன்று, வடிகட்டிகள். நீதிமன்றம், ஆண்டு, நீதிபதி என்று பிரிக்கலாம். முதல் சுற்றில் உச்ச நீதிமன்றத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அரசியலமைப்பின் 141ஆம் பிரிவுப்படி அதன் தீர்ப்பு நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். மேலிருந்து கீழே வருவது எளிது. பிறகு முடிவுகளைப் புதியது முதலாக வரிசைப்படுத்திப் பாருங்கள்.

கட்சிக்காரர் பெயரை வைத்துத் தேடும்போது எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவோம். பழைய தீர்ப்புகளில் தட்டச்சுப் பிழைகளும் உண்டு. பெயரின் ஒரு பகுதியும் ஆண்டும் சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் சிக்கிவிடும். ஒரே தீர்ப்பு இரண்டு மூன்று தடவை பட்டியலில் வந்தாலும் குழம்ப வேண்டாம்.

சைட்டேஷனைப் படிக்கப் பழகுவது

சைட்டேஷன் என்பது தீர்ப்பு எந்தத் தொகுப்பில் எங்கே இருக்கிறது என்று காட்டும் முகவரி. லலிதா குமாரி வழக்கை (2014) 2 எஸ்.சி.சி. 1 என்று எழுதுவார்கள். 2014ஆம் ஆண்டு எஸ்.சி.சி. (சுப்ரீம் கோர்ட் கேசஸ்) தொகுப்பின் இரண்டாம் தொகுதியில் முதல் பக்கம் என்று பொருள். அதே தீர்ப்பு ஆல் இந்தியா ரிப்போர்ட்டரில் ஏ.ஐ.ஆர். 2014 எஸ்.சி. 187. ஒரே தீர்ப்புக்கு இரண்டு முகவரி. தீர்ப்பு வந்த தேதியோ 2013 நவம்பர் 12. சைட்டேஷனில் இருப்பது தொகுப்பு வெளியான ஆண்டு, தீர்ப்பு சொன்ன ஆண்டாக அது இருக்க வேண்டியதில்லை. இது தெரியாமல் தேதி வடிகட்டியில் 2014 என்று போட்டுவிட்டு, ‘தீர்ப்பே இல்லை’ என்று கைவிட்டவர்கள் உண்டு.

2023 முதல் உச்ச நீதிமன்றம் தானே ஒரு எண் தருகிறது. ஆண்டு, ஐ.என்.எஸ்.சி. (இந்திய உச்ச நீதிமன்றம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்), வரிசை எண் என்று மூன்றே பகுதி. எந்தப் பதிப்பாளரையும் சாராத முகவரி என்பதால், இலவசத் தளத்தில் படிக்கும் மாணவருக்கு இது பெரிய வசதி. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தேடும்போது எம்.எல்.ஜே., சி.டி.சி., எல்.டபிள்யூ. என்ற சுருக்கங்கள் அடிக்கடி வரும். மெட்ராஸ் லா ஜர்னல், கரன்ட் தமிழ்நாடு கேசஸ், லா வீக்லி என்று விரியும்.

எப்படிப் படிப்பது

தீர்ப்பு திறந்ததும் முதலில் அமர்வைப் பாருங்கள். லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள். தலைமை நீதிபதியாக இருந்த ப. சதாசிவம், ஈரோடு மாவட்டத்துக்காரர், அமர்வின் சார்பில் தீர்ப்பை எழுதினார். ஐந்து பேர் அமர்ந்து சொன்னதை இரண்டு பேர் கொண்ட அமர்வு மாற்ற முடியாது. இந்த ஒரு எண்ணிக்கை தெரிந்தால், இரண்டு தீர்ப்பு மோதும்போது எதைப் பிடிக்க வேண்டும் என்று பாதி புரிந்துவிடும்.

பிறகு கதையைப் படியுங்கள். 2008 மே மாதம் காஸியாபாத் பகுதியில் ஒரு சிறுமி கடத்தப்பட்டதாகப் புகார். காவல் நிலையம் உடனே எதுவும் செய்யவில்லை. மேலதிகாரியிடம் போன பிறகுதான் எஃப்.ஐ.ஆர். பதிந்தார்கள், அதற்குப் பிறகும் விசாரணை நகரவில்லை. அதனால்தான் வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. கதை தெரியாமல் முடிவை மட்டும் எடுத்தால், உங்கள் வழக்கின் கதையோடு அது ஒத்துப்போகிறதா என்று சொல்ல முடியாது.

சந்தா தளங்களில் தீர்ப்பின் தலையில் ஒரு சுருக்கம் இருக்கும். அந்தத் தலைக்குறிப்பைப் படியுங்கள், எந்தப் பகுதியில் எது இருக்கிறது என்று அது காட்டும். ஆனால் அதை எழுதியவர் பதிப்பாசிரியர். அதிலிருந்து ஒரு வரியைக்கூட நீதிமன்றம் சொன்னதாக மேற்கோள் காட்டக் கூடாது. இந்தியன் கானூனில் பல தீர்ப்புகளின் பத்திகளுக்கு உண்மைகள், வாதங்கள், நீதிமன்றத்தின் காரணம், முடிவு என்று அடையாளம் இட்டிருப்பார்கள். அது கணினி இட்ட அடையாளம். வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். வழக்கறிஞரின் வாதத்தைப் பதிவு செய்த பத்தியை நீதிமன்றத்தின் கருத்து என்று நினைத்து மேற்கோள் காட்டுவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ‘கற்றறிந்த வழக்கறிஞர் வாதிட்டார்’ என்று பத்தி தொடங்குகிறதா என்று எப்போதும் இரண்டு பத்தி மேலே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

லலிதா குமாரியில் முடிவு எட்டு கட்டளைகளாக இருக்கிறது. குற்றம் வெளிப்படையாகத் தெரியும் தகவல் வந்தால் பதிவது கட்டாயம். குடும்பத் தகராறு, வணிகக் குற்றம், மருத்துவக் கவனக்குறைவு, ஊழல், மூன்று மாதத்துக்கு மேல் காரணமில்லாத தாமதம் போன்றவற்றில் மட்டும் பூர்வாங்க விசாரணை செய்யலாம். அந்த விசாரணையும் தகவல் உண்மையா பொய்யா என்று பார்ப்பதற்கல்ல, குற்றம் வெளிப்படுகிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமே. பெரும்பாலான மாணவர்கள் முதல் கட்டளையோடு நிறுத்திவிடுகிறார்கள். எதிர்த்தரப்பு எழுந்து படிக்கப்போவது மற்ற ஏழில் ஒன்றைத்தான்.

உயிரோடு இருக்கிறதா?

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிக நேரம் கொடுங்கள்.

இந்தியன் கானூனில் தீர்ப்பின் மேல்பகுதியில் இரண்டு இணைப்பு இருக்கும். ஒன்று, இந்தத் தீர்ப்பு மேற்கோள் காட்டிய பழைய தீர்ப்புகள். மற்றது, இதைப் பின்னால் மேற்கோள் காட்டிய தீர்ப்புகள். முதலாவது வேரைக் காட்டும், இரண்டாவது கிளைகளைக் காட்டும். தீர்ப்புக்குப் பிறகு என்ன ஆனது என்று இரண்டாவதில்தான் தேட வேண்டும். லலிதா குமாரிக்கு அந்தப் பட்டியல் மிக நீளம், எல்லாவற்றையும் படிக்க முடியாது. உச்ச நீதிமன்றத்தை மட்டும் வைத்து, புதியது முதலாக அடுக்கி, மேலே இருக்கும் இருபதை நோட்டம் விடுங்கள்.

அப்படிப் பார்த்தால் என்னென்ன கிடைக்கும்? முதலில், அதே வழக்கில் 2014 மார்ச் 5 அன்று போட்ட உத்தரவு. ஏழு நாள் கெடு, பொதுவாகப் பதினைந்து நாள், விதிவிலக்கான நிலையில் தகுந்த காரணம் எழுதி ஆறு வாரம் என்று மாறியது. அசல் தீர்ப்பின் பக்கத்தில் இன்றும் ஏழு நாள் என்றுதான் இருக்கும். அது அன்றைய தேதியின் பதிவு, அதை யாரும் திருத்த மாட்டார்கள்.

அடுத்து, பிரியங்கா ஸ்ரீவாஸ்தவா எதிர் உத்தரப் பிரதேச அரசு, (2015) 6 எஸ்.சி.சி. 287. நடுவரிடம் 156(3)இன் கீழ் போகும் மனுவோடு உறுதிமொழிப் பத்திரம் இருக்க வேண்டும் என்றது. புதிய 175(3)ஐப் படித்தால், அந்த உறுதிமொழிப் பத்திரம் சட்டத்தின் வாசகத்திலேயே ஏறியிருப்பதைக் காணலாம். ஒரு தீர்ப்பு சொன்னது எப்படிச் சட்டமாகிறது என்று இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பிலும் நான் பார்த்ததில்லை.

அதற்கும் அடுத்து, 2025 மார்ச் 28இல் வந்த இம்ரான் பிரதாப்கடி எதிர் குஜராத் அரசு, 2025 ஐ.என்.எஸ்.சி. 410. சமூக ஊடகத்தில் பகிர்ந்த ஒரு கவிதைக்காகப் போட்ட எஃப்.ஐ.ஆரை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பேச்சு, எழுத்து தொடர்பான குற்றச்சாட்டு 173(3)இன் வரம்புக்குள் வந்தால் பூர்வாங்க விசாரணை நடத்துவதே எப்போதும் பொருத்தம் என்றது. ‘எல்லாப் புகாரையும் உடனே பதிய வேண்டும்’ என்று லலிதா குமாரியை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடுபவர் இந்தத் தீர்ப்பைச் சந்தித்தே ஆக வேண்டும்.

சந்தா தளங்களில் இந்த வேலை கொஞ்சம் எளிது. பின்வந்த தீர்ப்பு முந்தையதைப் பின்பற்றியதா, வேறுபடுத்திக் காட்டியதா, செல்லாது என்றதா என்று அடையாளம் போட்டிருப்பார்கள். அந்த அடையாளத்தைப் பார்த்துவிட்டு, சம்பந்தப்பட்ட பத்தியைக் கட்டாயம் திறந்து படியுங்கள். ஒரு தீர்ப்பு ஒரு விஷயத்தில் மட்டும் தள்ளப்பட்டு, மற்ற விஷயங்களில் நிற்கலாம்.

முழுதாக இறந்த தீர்ப்புகளும் தளத்தில் உயிரோடு இருப்பவை போலவே கிடக்கும் என்பதையும் மறக்காதீர்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், தடுப்புக் காவலில் இருப்பவர் விடுதலை கேட்டு நீதிமன்றம் வர முடியாது என்று 1976 ஏப்ரல் 28இல் வந்த ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பைத் தேடினால் இன்றும் அழகாகத் திறக்கும். நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மை, எச்.ஆர். கன்னாவின் மாறுபட்ட தீர்ப்பு எல்லாம் அதில் உண்டு. 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த புட்டசாமி என்ற அந்தரங்க உரிமை வழக்கில் அதைத் தள்ளிவிட்டார்கள் என்ற செய்தி மட்டும் அந்தத் தீர்ப்பின் வாசகத்துக்குள் இருக்காது, இருக்கவும் முடியாது.

உயர் நீதிமன்றத் தீர்ப்பு என்றால் இன்னொரு படி

உச்ச நீதிமன்றத்தை முடித்த பிறகு உங்கள் மாநில உயர் நீதிமன்றத்துக்கு வாருங்கள். சென்னையில் எஃப்.ஐ.ஆர். பதியக் கோரும் மனுக்கள் பெரும்பாலும் கிரிமினல் ஓ.பி. (கிரிமினல் ஒரிஜினல் பெட்டிஷன்) என்ற வகையில் எண்ணிடப்படும். எண்ணோடு அடைப்புக்குறிக்குள் எம்.டி. என்று இருந்தால் அது மதுரைக் கிளையின் வழக்கு. இந்தச் சுருக்கங்களையே தேடுசொல்லாகச் சேர்த்தால் முடிவு வேகமாகக் குறுகும்.

உயர் நீதிமன்றத் தீர்ப்பு நன்றாக இருக்கிறதென்று எடுத்துக்கொள்ளும் முன், மேல்முறையீடு போனதா, தடை உத்தரவு வந்ததா என்று பாருங்கள். வழக்கு எண்ணை வைத்து இ-கோர்ட்ஸ் தளத்திலும், கட்சிக்காரர் பெயரை வைத்து உச்ச நீதிமன்றத் தளத்திலும் தேடலாம். உச்ச நீதிமன்றத்தின் இரண்டு வரித் தடை உத்தரவை எந்தத் தொகுப்பும் பதிப்பிக்காமல் விட்டிருக்கலாம். வழக்கு நிலைப் பக்கத்தில் அது இருக்கும்.

குறித்து வைப்பது

தேடும்போதே ஒரு அட்டவணை போடுங்கள். என்ன சொல் போட்டுத் தேடினேன், எந்தத் தளம், எந்தத் தேதி, என்ன கிடைத்தது, எத்தனை நீதிபதிகள், எந்தப் பத்தி, பின்னால் மாறியதா. ஒரு வாரம் கழித்து ‘அந்தத் தீர்ப்பை எங்கோ பார்த்தேனே’ என்று தவிக்கும்போது இதன் அருமை தெரியும்.

பத்தி எண்ணில் மட்டும் தனிக் கவனம். லலிதா குமாரியின் அந்த எட்டுக் கட்டளைகள் தீர்ப்பின் மூலத்தில் 111ஆம் பத்தி. எஸ்.சி.சி. தொகுப்பில் அதே பகுதி 120. இந்தியன் கானூனில் படித்துவிட்டு, எஸ்.சி.சி. சைட்டேஷனைப் போட்டு, பத்தி 111 என்று எழுதினால், சரிபார்க்கிற பேராசிரியர் வேறு பத்தியில் போய் நிற்பார். எந்தப் பதிப்பில் படித்தீர்களோ அந்தப் பதிப்பின் எண்ணையே எழுதுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் திறந்து பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்கலாமா?

கேள்வியைக் கூர்மைப்படுத்தவும், மாற்றுச் சொற்களைத் திரட்டவும் கேளுங்கள். தீர்ப்பின் பெயரைக் கேட்டு அதை அப்படியே எழுதாதீர்கள். 2023இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் அவியாங்கா என்ற வழக்கில், சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அப்படித் தீர்ப்புகளே உலகத்தில் இல்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். அது சொல்லும் ஒவ்வொரு பெயரையும் இ-எஸ்.சி.ஆரிலோ இந்தியன் கானூனிலோ திறந்து, நீங்கள் சொல்லப்போகும் வரி அதில் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

எப்போது நிறுத்துவது

முதலாண்டு மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். தேடத் தேட வந்துகொண்டே இருக்கிறது, முடிவே இல்லையே என்பார்கள். புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு தீர்ப்பும் உங்கள் அட்டவணையில் ஏற்கெனவே இருக்கும் அதே நான்கைந்து தீர்ப்புகளையே மேற்கோள் காட்டத் தொடங்கினால், கிணற்றின் அடி தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நம் கேள்வியில் 154, 173, லலிதா குமாரி, 2014 மார்ச் உத்தரவு, பிரியங்கா ஸ்ரீவாஸ்தவா, இம்ரான் பிரதாப்கடி என்று அது சுற்றிச் சுற்றி வரும். அப்போது தளத்தை மூடிவிட்டு எழுத உட்காருங்கள். எழுதி முடித்து, தாக்கல் செய்யும் நாள் காலையில் மட்டும் பின்வந்த தீர்ப்புகளின் பட்டியலை இன்னொரு முறை திறந்து, நேற்று இரவு வரை புதிதாக எதுவும் வரவில்லையே என்று பார்த்துவிடுங்கள்.